கதவைத் தட்டிய மூன்று கணவர்கள்: டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்வும் வன்னித் தாய்மாரும்

வேலூர் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். காணியை விற்று, நகையை அடகு வைத்து அங்கே சிகிச்சைக்குப் போய் வந்தவர்கள் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி எப்படித் தோன்றியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரே இரவில் பிரசவத்தில் இறந்துபோன மூன்று பெண்களிடமிருந்து அதன் கதை தொடங்குகிறது. அவர்களில் ஒருவர் முஸ்லிம் சகோதரி.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9ஆம் திகதி தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய குடும்பம் அமெரிக்க மிஷனரி மருத்துவர்களின் குடும்பம். பாட்டனார் ஜோன் ஸ்கடர் 1819இல் நமது நாட்டுக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். 1836இல் சென்னைக்குப் போனார். தகப்பனாரும் வைத்தியர்தான். ஆனால் ஐடாவுக்கு இந்த வாழ்க்கையில் துளியும் விருப்பமில்லை. சிறு வயதில் பஞ்சத்தையும் பட்டினியையும் கண்டவர், அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ நினைத்தார். தாயார் நோயுற்றதால் மட்டுமே 1890இல் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார்.

அங்கேதான் அந்த இரவு வந்தது. முதலில் ஒரு பிராமண இளைஞர் கதவைத் தட்டினார். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து உதவுங்கள் என்று ஐடாவிடம் மன்றாடினார். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. தகப்பனாரை அனுப்புகிறேன் என்றார். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று மறுத்துவிட்டு அவர் போனார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் கணவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் கணவர் வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. வைத்தியர் அதே வீட்டில் விழித்திருந்தார். வழக்கம்தான் இடையில் நின்றது.

ஐடா தன் முடிவை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899இல் நியூயோர்க்கின் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயோர்க் செல்வந்தர் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டொலரோடு 1900இல் வேலூருக்கு வந்தார். அதே ஆண்டில் தகப்பனார் காலமானார். ஒரேயொரு கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். 1902இல் 40 கட்டில்களோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி, மரநிழலில் கிராமத்து மக்களுக்கு மருந்து கொடுத்தார்.

தான் ஒருத்தி போதாது என்பது அவருக்கு விரைவிலேயே விளங்கியது. 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். பெண்பிள்ளைகள் யார் வரப்போகிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். முதலாண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. அந்தப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. திருமணம் செய்யாமலே வாழ்ந்த ஐடா, 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் காலமானார்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் தங்கையின் மகளுக்கு எட்டாம் மாதம். கடுமையான தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் வீக்கம். மருத்துவமாது பார்த்துவிட்டு உடனே கொண்டுபோகச் சொன்னார். அன்றிரவு கடமையில் இருப்பது ஆண் வைத்தியர் என்று யாரோ சொல்ல, விடியட்டும் என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. சுபஹுக்கு முன் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை கிடைக்கவில்லை. குறை எங்களுடையது.

பெண் வைத்தியர் இல்லாதபோது, உயிர் காக்க ஆண் வைத்தியர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்று உலமாக்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். வெட்கத்தைப் பேணுவது நல்லது. ஆனால் பிரசவத்தின் பின் இரத்தம் பெருகினால் இரண்டு மணித்தியாலத்தில் உயிர் போய்விடலாம். எங்கள் குக்கிராமங்களிலிருந்து கிளிநொச்சிக்கோ மாஞ்சோலைக்கோ போய்ச் சேரவே அதில் பெரும் பகுதி கழிந்துவிடும்.

1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தார்கள். இன்று அது 40க்கும் குறைவு. வீடு வீடாக வரும் மருத்துவமாதுகளுக்கும் இலவச கிளினிக்குகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆகவே அவர்கள் சொல்வதைக் கேட்போம். கர்ப்பிணிக்குத் தலையிடி, கண் மங்கல், வலிப்பு, இரத்தப்போக்கு, நீர் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்க வேண்டாம். பிறந்த குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முதல் நாளிலேயே மஞ்சளானாலோ அப்படித்தான்.

1990 என்றால் வடக்கு முஸ்லிம்களுக்கு வெளியேற்றப்பட்ட ஆண்டுதான் நினைவுக்கு வரும். இன்று அதுவே சுவசெரிய இலவச அம்பியூலன்ஸின் இலக்கம். அதையும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டி வைப்போம்.

பெண் வைத்தியர்தான் வேண்டும் என்று கேட்கும் சமூகம், தன் பெண்பிள்ளைகளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கவிட வேண்டும். தாதியாக, மருத்துவமாதாக வர விரும்பும் மகளின் இரவுக் கடமையைப் பார்த்துத் தடுக்கக்கூடாது. மீள்குடியேறிய நம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகங்கள் வருடத்துக்கு ஒரு மாணவிக்காவது இதற்கு உதவட்டும். அந்த இரவில் ஐடாவின் கதவைத் தட்டிய முஸ்லிம் கணவர் தேடியது ஒரு பெண் வைத்தியரைத்தான். நம் வீட்டிலிருந்தே ஒருத்தி அப்படி உருவாகட்டும்.