தொண்டியார் என்னும் மஸ்தான்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, ஆலைகளும் கிடங்குகளும் நெருங்கிய தண்டையார்பேட்டையில் வாழ்வோர், தம் ஊர்ப்பெயர் தொண்டிப் பகுதியிலிருந்து வந்த ஞானி ஒருவரால் அமைந்தது என்பர். அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள். ஆனால் 1693ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இவ்வூரும் கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு அளிக்கப்பட்டது. ஞானியாரோ அதற்கு நூறாண்டுகள் கழித்துத் தோன்றியவர். எனவே பெயர் மூத்தது. ஆயினும் ஒரு பேட்டையே தன் பெயருக்கு ஒருவரைக் காரணமாக்கிக்கொள்ள விரும்பிற்றெனின், அம்மக்கள் உள்ளத்தில் அவர் பெற்ற இடம் சிறிதன்று.

இராமநாதபுரம் சீமையில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்த இவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார்கள். பதினேழாம் வயதில் மாமன் மகளை மணமுடிக்க உற்றார் முனைந்தபோது, இல்லற நாட்டமின்றி வீட்டைத் துறந்தார்கள். 1813இல் திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்றார்கள். பின்னர்த் திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவமியற்றினார்கள். இறுதியில் சென்னைக்கு வந்து, இராயபுரத்தை அடுத்துப் புதர் மண்டிக் கிடந்த காட்டிடத்தில் தங்கினார்கள்.

உடை பேணாது, உணவு நாடாது, தம்மை மறந்திருந்த அவர்களைக் கண்டோர் சிலர் ஞானி என்றனர். சிலர் பித்தர் என்றனர். மஸ்தான் என்னும் பாரசீகச் சொல்லுக்கே மதுவுண்டவர்போல் மயங்கியவர் என்பது பொருள். அக்காலச் சென்னைக்குப் பித்தர் புதியவரல்லர். 1794இலேயே புரசைவாக்கத்தில் அன்னோர்க்கென ஓர் இல்லம் ஏற்பட்டிருந்தது. அங்கு அடைக்கப்பட்டவர்க்கும் இங்கு வணங்கப்பட்டவர்க்கும் வேறுபாடு யாது? இவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது.

அவர்கள் பயின்ற திக்ரும் மூச்சடக்கமும் உடலின் வழியாகவே உள்ளத்தைத் தொடுவன. இதயத் துடிப்பை நாம் நினைத்தவாறு நிறுத்த இயலாது. மூச்சையோ சிறிது நேரம் நம் விருப்பப்படி நடத்தலாம். மூச்சு மெல்ல வெளியேறும்போது, மூளையின் அடித்தண்டிலிருந்து இதயத்திற்கும் குடலுக்கும் இறங்கும் பத்தாம் கபால நரம்பு இதயத்தை மெதுவாக்குகின்றது. அந்நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதனைச் செய்கின்றது என்பதை 1921இல் ஓட்டோ லோவி என்னும் அறிஞர் தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். அச்சத்தை எழுப்புவதில் பெரும்பங்கு கொள்வது மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவிலுள்ள ஒரு சிறு பகுதி. அதனைக் கட்டுப்படுத்த உதவுவது நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி. நப்ஸை அடக்குதல் என்று ஞானியர் கூறிய முயற்சிக்கு உடலிலும் இவ்வாறு வழி அமைந்திருத்தல் கருதத்தக்கது.

எனினும் பட்டினியும் உறக்கமின்மையும் நெடுந்தனிமையும் அதே மூளையைக் குலைத்து, இல்லாத குரலைக் கேட்பிக்கவும் கூடும். குருவின் துணையின்றி அவ்வழியில் இறங்குவோர்க்கு இஃது ஆபத்தே. மஸ்தான் அவர்களோ சதகங்களும் கண்ணிகளுமாக ஆயிரத்தின் மேற்பட்ட பாடல்களை யாப்புப் பிழையாது பாடினார்கள், சீடர்க்குப் போதித்தார்கள். அவர்கள் தாமே மேற்கொண்ட நிலை அது. மனநோயாளர் தம் நிலையைத் தேர்ந்துகொண்டவரல்லர். அவர்தம் நோய்க்கு மருந்துண்டு.

இவ்வேறுபாடு மறக்கப்பட்டதன் விலையை ஞானியாரின் சொந்தச் சீமையே கொடுத்தது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, தர்காவை நாடிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையின் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். அச்சங்கிலியைப் பூட்டியோரும் பக்தியின் பெயராலேயே பூட்டினர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் பதறுகின்றது.

சென்னை ஞானியாரைத் தேடி வந்தோருள் சமய வேறுபாடு இருந்ததில்லை. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர், முஸ்லிம் ஞானியான அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். ஹிஜ்ரிக் கணக்கில் நாற்பத்தேழாம் வயதில், 1838ஆம் ஆண்டு, மஸ்தான் சாகிபு அவர்கள் மறைந்தார்கள். தாம் தங்கியிருந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். அன்று காடாக இருந்த அவ்விடம் இன்று நெருங்கிய தெரு.