தாளில் விரிந்த உருவங்கள்: ஆல்பிரெக்ட் டூரரின் கதை

என் தம்பியின் படிப்பு மேசையில் ஒரு ‘கிரீப்பர்’ நிற்கிறது. ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டில் சத்தமில்லாமல் அருகே வந்து வெடிக்கும் அதே பச்சை உருவம். ஆனால் இது தாளால் ஆனது. பிராஸ் பாசா வளாகத்தில் வாங்கிய தடித்த தாளில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, பசை தடவி, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அவன் செய்து முடித்தான். தலை ஒரு கனசதுரம். உடலும் கால்களும் கனச்செவ்வகங்கள்.

வெட்டுவதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்தால் கிரீப்பர் எங்கும் தெரியாது. சிலுவை வடிவில் ஆறு சதுரங்கள், ஓரங்களில் பசை தடவ சிறு மடிப்புகள், அவ்வளவுதான். கணக்குப் பாடத்தில் நாம் படித்த கனசதுர விரிப்புதான் அது. வீடியோ விளையாட்டுப் பாத்திரங்களைத் தாளில் செய்யும் இளையர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் எடுப்பதெல்லாம் இத்தகைய விரிப்புகளையே.

ஒரு கன உருவத்தை இப்படித் தட்டையாக விரித்து வரைந்து, வெட்டி மடித்தால் மீண்டும் உருவம் வரும் என்று புத்தகத்தில் அச்சிட்டுக் காட்டியவர்களில் முன்னோடி ஓர் ஓவியர். அவர் பெயர் ஆல்பிரெக்ட் டூரர். அந்தப் புத்தகம் வெளிவந்து 500 ஆண்டுகள் ஆகிவிட்டன.

தாளும் அச்சும் நிறைந்த ஊர்

டூரர் 1471ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். தந்தை ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். தாய் பார்பரா பெற்ற பிள்ளைகள் 18 பேர். அவர்களில் மூவர் மட்டுமே நெடுநாள் வாழ்ந்தனர்.

நியூரம்பெர்க் அப்போது வணிகமும் கைத்தொழிலும் செழித்த ஊர். ஜெர்மனியின் முதல் தாள் ஆலை 1390ல் அங்கேதான் தொடங்கியது. டூரரின் ஞானத்தந்தை ஆன்டன் கோபெர்கர் ஐரோப்பாவின் பெரிய அச்சகங்களில் ஒன்றை நடத்தினார். தாளும் அச்சு மையும் அந்தச் சிறுவனுக்குப் பழக்கமான பொருள்கள்.

எழுதப் படிக்கக் கற்றதும் தந்தை மகனைத் தம் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். பொன் வேலையை நன்றாகவே கற்றாலும் பையனின் மனம் ஓவியத்தில் இருந்தது. 13 வயதில் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைந்தான். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. ஓவியம் படிக்க வேண்டும் என்று மகன் கேட்டபோது, பொன் வேலை கற்ற காலமெல்லாம் வீணாயிற்றே என்று தந்தை வருந்தினார். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். 1486ல் மைக்கேல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் மூன்றாண்டுப் பயிற்சிக்கு மகனைச் சேர்த்தார். அங்கே மூத்த பயிலுநர்களிடம் பட்ட தொல்லைகளை டூரர் பிற்காலத்தில் தம் குடும்பக் குறிப்பில் எழுதி வைத்தார்.

பயிற்சி முடிந்து நான்காண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். 1494ல் திரும்பி ஆக்னெஸ் ஃப்ரை என்ற பெண்ணை மணந்தார். சில மாதங்களிலேயே இத்தாலியின் வெனிஸ் நகருக்குப் புறப்பட்டார்.

1498ல், 27 வயதில், பைபிளின் கடைசி நூலை 15 மரச்செதுக்குப் படங்களாகத் தாமே வெளியிட்டார். ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவரில் மட்டும் தொங்கும். அச்சுப்படமோ நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகும். ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது இப்படித்தான். தம் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டையும் இணைத்து அவர் போட்ட முத்திரை இன்றைய சின்னங்களைப் போல எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறைக்கப்பட்ட பாடம்

1500ஆம் ஆண்டுவாக்கில் டூரரின் வாழ்க்கையில் நடந்த ஒரு சிறிய சம்பவம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

யாக்கோபோ டெ பார்பரி என்ற இத்தாலிய ஓவியர் நியூரம்பெர்க் வந்திருந்தார். அவர் டூரரிடம் ஓர் ஆண், ஒரு பெண் என இரு உருவங்களைக் காட்டினார். இரண்டும் கண்ணளவாக வரைந்தவை அல்ல. அளவுகோலும் விகிதமும் கொண்டு கணக்கிட்டு உருவாக்கியவை. டூரர் வியந்துபோனார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பார்பரி தெளிவாகச் சொல்லவில்லை. அது தொழில் ரகசியம்.

டூரருக்கு அப்போது ஏறத்தாழ 30 வயது. புகழ் பெற்றவர். என்றாலும் அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸின் நூலைத் தேடிப் படித்தார். 1505ல் மீண்டும் இத்தாலி சென்றவர், தொலைவில் உள்ளவற்றைச் சரியான அளவில் வரையும் காட்சிக்கோணக் கலையைக் கற்கப் பொலோனியா நகருக்குப் போகத் திட்டமிட்டார். 1507ல் வெனிசில் யூக்ளிடின் வடிவியல் நூலை வாங்கினார். அது லத்தீன் மொழியில் இருந்தது. டூரருக்கு லத்தீன் அவ்வளவாக வராது. அறிஞரான நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமர் போன்றோரின் துணையோடு படித்தார்.

இங்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெனிசில் மார்கன்டோனியோ என்பவர் டூரரின் படங்களை, அந்த முத்திரையோடு சேர்த்து, அப்படியே செதுக்கி விற்றார். டூரர் முறையிட்டதாகவும், முத்திரையைப் போடக்கூடாது என்று மட்டும் தீர்ப்பானதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். தம் பெயரைக் காத்துக்கொள்வதில் டூரர் கறாரானவர். ஆனால் தாம் கற்ற முறைகளை மறைத்து வைக்க அவர் விரும்பவில்லை.

பார்க்காமலே வரைந்த விலங்கு

குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா போர்ச்சுகீசியருக்கு ஒரு காண்டாமிருகத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். கோவாவிலிருந்து கப்பலேறிய அது 1515 மே மாதம் லிஸ்பன் சேர்ந்தது. டூரர் அதை நேரில் பார்க்கவே இல்லை. கைக்கு வந்த ஒரு வருணனையையும் யாரோ வரைந்த கோட்டுப் படத்தையும் வைத்தே ஒரு மரச்செதுக்குப் படத்தை உருவாக்கினார். அதில் விலங்கின் தோல் போர்க்கவசம் போலத் தகடு தகடாக இருக்கிறது. தோளில் இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்திருக்கிறது. அப்படியும் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர்கள் காண்டாமிருகம் என்றால் இந்தப் படத்தையே நம்பினார்கள்.

அதற்கு முந்திய ஆண்டு, 1514ல், அவருடைய தாய் இறந்தார். அதே ஆண்டில்தான் ‘மெலன்கோலியா’ என்ற புகழ்பெற்ற செப்புத்தகட்டுப் படம் வந்தது. அதில் சிறகுள்ள ஓர் உருவம் கன்னத்தில் கைவைத்துச் சிந்தித்தபடி அமர்ந்திருக்கிறது. பின்னால் சுவரில் ஒரு மாயச் சதுரம். எந்த வரிசையைக் கூட்டினாலும் 34 வரும். கீழ் வரிசையின் நடுவில் 15, 14 என்று ஆண்டையும் ஒளித்து வைத்திருக்கிறார். பக்கத்தில் எட்டு முகங்கள் கொண்ட ஒரு பெரிய கல். அது எந்த வகைக் கன உருவம், ஏன் அங்கே இருக்கிறது என்று கணித அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

சொந்த மொழியில் ஒரு வடிவியல்

1520ல் டூரரும் மனைவியும் நெதர்லாந்துப் பகுதிக்குச் சென்றனர். பேரரசரிடமிருந்து வந்துகொண்டிருந்த ஆண்டு உதவித்தொகையை, புதிய பேரரசரிடம் உறுதிசெய்துகொள்வதே நோக்கம். அங்கிருந்தபோது சீலாந்து கடற்கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியதாகக் கேள்விப்பட்டுப் பனிக்காலத்தில் பார்க்கப் போனார். போய்ச் சேர்வதற்குள் அலை அதை அடித்துச் சென்றுவிட்டது. திமிங்கிலம் கிடைக்கவில்லை, காய்ச்சல்தான் கிடைத்தது. அதன்பின் அவர் உடல்நலம் முழுமையாகத் தேறவே இல்லை.

நேரம் குறைவு என்று உணர்ந்தவர் போல, ஊர் திரும்பியதும் எழுத்து வேலையில் இறங்கினார். 1525ல் அளவுகோலும் கவராயமும் கொண்டு அளந்து வரையும் முறையைக் கற்பிக்கும் நூல் வெளிவந்தது. அறிவு நூல்கள் லத்தீனில் வருவதே வழக்கமாக இருந்த காலத்தில் அவர் அதை ஜெர்மன் மொழியில் எழுதினார். ஓவியருக்கு மட்டுமன்றி பொற்கொல்லர், சிற்பி, கல்தச்சர், மரத்தச்சர் என அளந்து வேலை செய்யும் எல்லாருக்கும் உதவ வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வடிவியலுக்கான சொற்கள் ஜெர்மன் மொழியில் போதுமான அளவு இல்லை. டூரர் தயங்கவில்லை. நீள்வட்டத்துக்கு முட்டைக்கோடு என்றும் சுருள்கோட்டுக்கு நத்தைக்கோடு என்றும் பெயர் வைத்தார். பட்டறையில் இருப்பவனுக்குக் கேட்டவுடன் புரியும் சொற்கள் அவை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1532ல், அந்த நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு பாரிசில் வெளிவந்தது. வீட்டு மொழியில் பிறந்த நூல் அறிஞர் மொழிக்குப் போனது.

கணக்கை ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த எனக்கு இந்த இடம் உறைத்தது. தம்பிக்கு விரிப்பு என்ற சொல்லை நான் சொன்னபோது, பாய் விரிப்பது போலவா என்று கேட்டான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நூலின் நான்காம் பகுதியில்தான் விரிப்புகள் வருகின்றன. கனசதுரம் உட்பட ஐந்து ஒழுங்குக் கன உருவங்களையும், மேலும் பல சிக்கலான உருவங்களையும் டூரர் தட்டையாக விரித்து வரைந்திருக்கிறார். உருண்டையைக்கூடப் பலாச்சுளை போன்ற கீற்றுகளாக விரித்துக் காட்டுகிறார். செய்முறையும் உண்டு. இரண்டு தாள்களை ஒன்றாக ஒட்டி அதில் வரைய வேண்டும். மடிக்கும் கோட்டில் கூரிய கத்தியால் ஒரு தாளின் கனத்துக்கு மட்டும் கீற வேண்டும். பிறகு மடித்தால் விளிம்பு நேராக வரும். என் தம்பி மை தீர்ந்த பேனா முனையால் கோட்டை அழுத்திவிட்டு மடிக்கிறானே, அதே உத்திதான்.

பெட்டிகளால் ஆன மனிதன்

பார்பரி மறைத்த ரகசியத்துக்கும் டூரர் விடை தேடிக்கொண்டே இருந்தார். பலரின் உடலை அளந்தார். ஒரே சரியான அளவு என்று எதுவும் இல்லை, மனிதர்கள் பலவிதம் என்ற முடிவுக்கு வந்தார். உயரமானவர், பருமனானவர், ஒல்லியானவர், குழந்தை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதம் கண்டார். உடல் எப்படி வளைகிறது, திரும்புகிறது என்று காட்ட, தலை, மார்பு, இடுப்பு, தொடை ஆகியவற்றைத் தட்டையான முகங்கள் கொண்ட பெட்டிகளாக வரைந்தார்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பாதுகாக்கப்படும் அவரது வரைபடத் தொகுப்பில் 1519ஆம் ஆண்டுவாக்கில் வரைந்த அத்தகைய உருவங்கள் இருக்கின்றன. முதல்முறை பார்ப்பவர் அவற்றைக் கணினியில் வரைந்தவை என்றே நினைப்பார். 1990களில் விளையாட்டுக் கருவிகளின் திறன் குறைவாக இருந்தபோது, பாத்திரங்களைக் குறைந்த எண்ணிக்கையிலான தட்டை முகங்களால்தான் உருவாக்கினார்கள். ‘சூப்பர் மாரியோ 64’ பார்த்தவர்களுக்கு அது தெரியும். தாளில் செய்ய எளிதாக இருப்பவையும் அந்தக் காலப் பாத்திரங்களே.

உடல் விகிதம் பற்றிய நூல் அச்சாகி முடியும்முன், 1528 ஏப்ரல் 6ஆம் தேதி, டூரர் இறந்தார். வயது 56. அதே ஆண்டில் மனைவி ஆக்னெஸ் அந்த நூலை வெளிக்கொண்டு வந்தார். தமக்கு மறுக்கப்பட்ட பாடத்தை அவர் யார் வேண்டுமானாலும் கற்கும்படி எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் தீராத கணக்கு

தாளைக் கொண்டு வடிவியல் கற்பிக்கும் வழி நம் பக்கத்திலும் பிறந்தது. 1893ல் சென்னையில் டி. சுந்தர ராவ் என்பவர், மழலையர் வகுப்பின் தாள் மடிப்பிலிருந்து தொடங்கி உயர் வடிவியல் வரை செல்லும் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901ல் அது சிகாகோவில் மறுபதிப்பாக வந்தது.

டூரரின் விரிப்புகளோ கணிதத்துக்கு ஒரு புதிரை விட்டுச்சென்றன. கனசதுரத்துக்கு 12 விளிம்புகள். அவற்றில் 7 விளிம்புகளை வெட்டினால் விரிந்துவிடும். அப்படி 11 வெவ்வேறு விரிப்புகள் கிடைக்கும். ஆனால், உள்வாங்காத எந்தக் கன உருவத்தையும் விளிம்புகளை மட்டும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியாமல், ஒரே துண்டாக விரிக்க முடியுமா? ஷெப்பர்ட் என்ற கணித அறிஞர் 1975ல் எழுப்பிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் விடை நிறுவவில்லை. டூரர் கணக்கு என்றே அதற்குப் பெயர். ‘பெப்பக்குரா’ போன்ற மென்பொருள்கள் ஒரு விளையாட்டுப் பாத்திரத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து விரித்துத் தருகின்றன. எங்கே வெட்டினால் ஒட்டுவது எளிது என்று இன்னமும் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த விடுமுறையில் ஒரு தடித்த தாளை எடுத்து 11 விரிப்புகளையும் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தம்பியும் நானும் ஒன்பதில் நிற்கிறோம். கண்டுபிடித்துவிட்டால், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பவருக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்.