கலிலியோவும் தப்பாகப் போட்ட கணக்கு

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டு பிசிக்ஸ் தேர்வில் ஒரு கணக்கு. ஒரு பஸ் 60 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது, அதே வழியில் 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? நான் யோசிக்கவே இல்லை. இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 50 என்று போட்டேன். ஐந்து மார்க்கும் போச்சு. போக 1 மணி, வர ஒன்றரை மணி. ஆக 120 கி.மீ.க்கு இரண்டரை மணி. விடை 48. அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கேதான் போச்சு என்று லைப்ரரியில் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் கலிலியோவின் கதை கையில் கிடைத்தது.

அவர் 1564-ல் இத்தாலியின் பைசா நகரில் பிறந்தவர். அப்பா வின்சென்சோ, லூட் என்ற தந்தி வாத்தியக் கலைஞர். மகனை டாக்டராக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை (அந்தக் காலத்திலேயே!). மகனுக்கோ கணக்கில்தான் புத்தி. 1585-ல் பட்டம் வாங்காமலே வெளியே வந்துவிட்டார். டிப்ளமோ படிக்கும் நமக்கு இதைப் படித்தால் கொஞ்சம் தெம்பு வரத்தான் செய்கிறது. 1589-ல் அதே பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியரானார். 1592-ல் பதுவாவுக்குப் போனார்.

விழுகிற பொருளின் வேகம் எப்படிக் கூடுகிறது? பதுவாவில் அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி இதுதான். நேராக விழும் பந்து கண் இமைப்பதற்குள் தரையைத் தொட்டுவிடும். நமக்கு லேபில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது; அவருக்கு ஏது? அதனால் பந்தையே மெதுவாக்கினார். அந்த ஊர் முழத்தில் 12 முழ நீளக் கட்டையில் பள்ளம் செதுக்கி, வழவழப்பாக்கி, ஒரு பக்கம் தூக்கி வைத்து வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, தராசில் நிறுத்தார். தண்ணீரின் எடைதான் நேரம்! திரும்பத் திரும்ப உருட்டியும் கணக்கு மாறவில்லை: நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

இங்கேதான் விஷயம். 1604-ல் நண்பர் பாவ்லோ சார்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்த விடையைச் சரியாகச் சொன்ன கலிலியோ, காரணத்தைத் தப்பாகச் சொன்னார். விழுந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் கூடுகிறது என்று நினைத்தார். உண்மையில் வேகம் கூடுவது நேரத்துக்கு ஏற்ப. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் அதைத்தானே செய்தேன்! போன தூரமும் வந்த தூரமும் சமம் என்று பார்த்து இரண்டு வேகத்துக்கும் சரிபங்கு கொடுத்தேன். பஸ் 40-ல் அரை மணி நேரம் கூடுதலாக ஓடியதைக் கவனிக்கவில்லை.

பிறகு கலிலியோ திருத்திக்கொண்டார். நின்ற நிலையிலிருந்து சீராக வேகம் கூடினால், சராசரி வேகம் கடைசி வேகத்தில் சரிபாதி. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் ஏட்டளவில் சொன்ன விதிதான். அதை விழும் பொருளோடு சேர்த்து நிறுவியது இவர்.

1610-ல் வியாழனின் நிலவுகள், 1633-ல் ரோமில் விசாரணை, பிறகு ஆர்செட்ரியில் வீட்டுக்காவல் எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் உருட்டிய குண்டின் கணக்கு புத்தகமாக வந்தது 1638-ல், ஹாலந்தின் லெய்டனில். அதற்குள் அவருக்குக் கண் பார்வையே போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் தன் பழைய தப்பை மறைக்காமல், ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்ல வைத்திருக்கிறார். 1642 ஜனவரி 8-ல் காலமானார்.

போன மார்க்கைக் கேட்க நான் சாரிடம் போகவில்லை. என் 50 எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்டேன். சார் சாக்பீஸை என் கையிலேயே கொடுத்தார். இரண்டு வேகத்திலும் ஒவ்வொரு மணி நேரம் ஓடவிட்டேன். இரண்டு மணியில் 100 கி.மீ.