எழும்பூரில் பிறந்த ‘மெட்ராஸ் முறை’: ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான மாணவர்கள் - ஆண்ட்ரூ பெல் செய்தது என்ன?

ஒரு வகுப்புல எத்தனை பிள்ளைகள் இருக்கலாம்? 30 பேரா, 40 பேரா? 60 பேரை உட்கார வைத்தால் பாடம் ஏறுமா? ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி வாசலில் பெற்றோர் பேசிக்கொள்ளும் விஷயம் இது. ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு சென்னையிலிருந்து ஒரு பதில் கிளம்பியது. அது லண்டன் வரை போய், பல நாடுகளைச் சுற்றியது. அதற்குப் பெயரே ‘மெட்ராஸ் முறை’. அதைப் பரப்பியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆனா, அவர் அதைக் கற்றுக்கொண்டது நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளியில்!

யார் இந்த பெல்?

1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தார் பெல். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே கணிதமும் இயற்பியலும் படித்தார். 1774-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியராக இருந்தார். 1781-ல் நாடு திரும்பியபோது வழியில் கப்பல் விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தார். பிறகு இங்கிலாந்து திருச்சபையில் மதகுருவானார். 1787-ல் சென்னைக்குக் கப்பலேறினார்.

சென்னையில் அவருக்கு வருமானத்துக்குக் குறைவில்லை. ஒரே நேரத்தில் பல படைப்பிரிவுகளுக்கு மதகுருவாக இருந்தார். அறிவியல் சொற்பொழிவுகளும் நடத்தினார். 1789-ல் எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண் குழந்தைகளுக்கான ராணுவ அநாதை விடுதிக்கு மேற்பார்வையாளர் பொறுப்பு வந்தது. விழுப்புரத்திலிருந்து ரயிலில் போகிறவர்கள் இன்று இறங்குகிற எழும்பூர் நிலையம் இருக்கும் பகுதியில்தான் அந்த விடுதி இருந்தது. அந்த வேலைக்கான சம்பளத்தை பெல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப் போன பையன்கள் அங்கே இருந்தார்கள். பலருக்குத் தாய் இந்தியப் பெண். வெள்ளையர் சமூகமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, உள்ளூர்ச் சமூகமும் சேர்த்துக்கொள்ளவில்லை. படிப்புதான் அவர்களுக்கு ஒரே வழி. ஆனா, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு வந்த ஆசிரியர்களுக்கு வேலையில் அக்கறை இல்லை. கொஞ்சம் தேறியவர்களும் நல்ல சம்பளம் கிடைத்ததும் கிளம்பிவிட்டார்கள்.

மணலில் கண்ட வழி

ஒருநாள் குதிரையில் போகும்போது, ஒரு தமிழ்ப் பள்ளியைப் பார்த்தார் பெல். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்றைய ஆங்கிலேயர்கள் தமிழர்களையும் ‘மலபார்’ என்றே குறிப்பிட்டதால், அவருடைய எழுத்தில் இது ‘மலபார் பள்ளி’ என்றே வருகிறது.

திண்ணைப் பள்ளி எப்படி நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். திருவாமாத்தூர் போன்ற கிராமங்களில் கோயில் மண்டபமோ வீட்டுத் திண்ணையோதான் வகுப்பறை. அரிச்சுவடி படிக்கிற பிள்ளையும் கணக்குப் போடுகிற பிள்ளையும் ஒரே இடத்தில் இருப்பார்கள். வாத்தியார் ஒருவர்தான். அதனால் மூத்த மாணவன் ஒருவனை அவர் சட்டாம்பிள்ளையாக வைப்பார். அவன் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பான், பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான்.

பெல் முதலில் எடுத்துக்கொண்டது மணலைத்தான். விடுதியின் கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்து கற்றுக்கொடுக்கும்படி ஆசிரியரிடம் சொன்னார். இதெல்லாம் நடக்காது என்று கைவிரித்துவிட்டார் அந்த ஆசிரியர். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவருக்கு முடியாதது சிறுவனுக்கு முடிந்தது. அவன் ஒரு சிப்பாயின் மகன். அடுத்தடுத்து மற்ற வகுப்புகளுக்கும் மாணவர்களே பொறுப்பேற்றார்கள்.

எப்படி வேலை செய்தது?

வகுப்பில் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் படிக்கும் 12 பேர், தடுமாறும் 12 பேருக்கு ஆளுக்கு ஒருவராக ஜோடி. அந்த வகுப்புக்கு ஒரு மாணவ உதவியாளர், அவருக்கு மேல் ஒரு மாணவ ஆசிரியர், எல்லோருக்கும் மேல் பெரியவர்களான ஆசிரியரும் மேற்பார்வையாளரும். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒன்று முழுசாகப் புரிந்த பிறகுதான் அடுத்தது. முன்னேறுகிறவன் மேல் வகுப்புக்கும், பின்தங்குகிறவன் கீழ் வகுப்புக்கும் நகர்வான்.

அடிக்கும் பழக்கத்தை பெல் ஏற்கவில்லை. தவறுகள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதிவாகும். மாணவர்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விடுதியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். ஆனா, ஒரு பையன் தப்பாக எழுதினால் அதைப் பார்த்துத் திருத்த, பக்கத்திலேயே ஒருவன் இருந்தான். பள்ளி பெரியது, ஒவ்வொரு பிள்ளையும் படித்த வட்டம் சின்னது. மேலே பெல்லின் கண்காணிப்பும் இருந்தது.

லண்டனில் என்ன ஆனது?

உடல்நலம் சரியில்லாமல் 1796-ல் பெல் இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டே எழும்பூர் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். 1798-ல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதி தர்மப் பள்ளி ஒன்று இந்த முறைக்கு மாறியது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கி, கிட்டத்தட்ட இதே வழியில் நடத்தினார். முறையை முதலில் கண்டது யார் என்று இருவரின் ஆதரவாளர்களுக்கும் இடையே பெரிய சண்டையே நடந்தது.

தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. நகரங்களில் ஏழைக் குழந்தைகள் குவிந்தார்கள். ஆசிரியர்களும் இல்லை, செலவு செய்ய யாருக்கும் மனமும் இல்லை. ஒரே ஆசிரியரை வைத்து ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார் லங்காஸ்டர். பெல்லும் சிக்கனத்தைச் சொல்லியே தன் முறைக்கு ஆதரவு திரட்டினார். 1811-ல் இங்கிலாந்து திருச்சபையின் தேசிய கல்விச் சங்கம் உருவாகி, அவருடைய முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1832-ல் பெல் இறந்தபோது 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்த வழியில் நடந்தன. அவரை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஏறத்தாழ 1,20,000 பவுண்டு சொத்தைக் கல்விக்கு எழுதிவைத்திருந்தார். அதில் உருவான ஒரு பள்ளி, செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரிலேயே இருக்கிறது.

எங்கே சறுக்கியது?

பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே இரைச்சல். சொல்லிக்கொடுக்கும் சிறுவனுக்கே பாடம் அரைகுறையாகத்தான் தெரியும். எழுத்துக்கூட்டுவது, மனப்பாடம் செய்வது வரை சமாளித்தார்கள். ஏன், எப்படி என்று ஒரு குழந்தை கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. 1846-ல் பிரிட்டிஷ் அரசு, இளைஞர்களுக்குச் சில ஆண்டுகள் பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கும் திட்டத்துக்கு மாறியது. மெட்ராஸ் முறை மெல்ல ஒதுங்கியது.

பெல்லிடமும் ஒரு குறை இருந்தது. ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் அவசியமில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று ஒரு கட்டத்தில் எழுதினார். ஏழைகளுக்கு இது போதும் என்ற அந்த நினைப்புதான், ஆசிரியர் இல்லாத வகுப்பை நியாயமாக்கியது.

நம் ஊர்க் கணக்கு என்ன சொல்கிறது? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். இன்றைய விழுப்புரம் பகுதி அடங்கிய தென்னாற்காடும் அதில் உண்டு. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், ஏறத்தாழ 1,88,000 மாணவர்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு பள்ளிக்குச் சராசரியாக 15 பேர்! சட்டாம்பிள்ளை இருந்தது இந்த அளவுப் பள்ளியில்தான். அங்கே அவன் வாத்தியாருக்குத் துணை. லண்டனில் அவனையே வாத்தியாராக்கிவிட்டார்கள்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தன. கறுப்பினக் குழந்தைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். பெரிய வகுப்பில் ஆசிரியருக்கு ஓர் உதவியாளரை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இந்தியாவில் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 மாணவர்கள் வரை 2 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். பார்க்க நல்ல விகிதம்தான். ஆனா, 5 வகுப்புகளுக்கு 2 பேர் என்றால், ஒருவர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். 2-ம் வகுப்புக்குக் கணக்கு நடக்கும்போது 4-ம் வகுப்பு காத்திருக்கும். தலைகளை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது.

கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் ஒரு தன்னார்வலர், அவரிடம் ஏறத்தாழ 20 குழந்தைகள். அது பள்ளிக்குத் துணையாக வந்த ஏற்பாடு; பள்ளி ஆசிரியருக்குப் பதில் அல்ல. அந்த வித்தியாசத்தைத்தான் 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்து மறந்துபோனது.

அதனால் அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால், வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என் பிள்ளை தப்பாக எழுதினால் அதே நாளில் அதைப் பார்த்துத் திருத்துவது யார் என்றும் கேளுங்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை அந்தப் பள்ளியால் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.