கட்டிலில் இருந்தும் ஊழியம்

வட அயர்லாந்தின் மில்ஐல் கிராமத்தில் 1867இல் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். யப்பானில் ஊழியஞ் செய்து உடல்நலங் குன்றிய பின், 1894இல் சிறிது காலம் நம் இலங்கையிலும் தங்கியவர் என்பதை நம்மவரில் பலர் அறியார். அடுத்த ஆண்டு இந்தியா சென்றார். அதன்பின் தாயகம் திரும்பவேயில்லை. கோயிலுக்கென ஒப்படைக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி 1901இல் தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நெல்லைச் சீமையின் தோனாவூர் வீடாயிற்று, அம்மையார் தாயானார்.

1931 ஒக்டோபர் 24 காலை, ஊழியத்திற்குத் தம்மைத் தகுதிப்படுத்த ஆண்டவர் எதைச் செய்தாலும் சம்மதமே என்று அவர் ஜெபித்தார். அன்று மாலையே, மங்கிய வெளிச்சத்தில், குழியொன்றில் விழுந்து கால் முறிந்தது. விரைவில் எழுந்து நடப்பார் என்றே எல்லோரும் எண்ணினர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையிலேயே கழிந்தன.

ஓடியாடி உழைத்தவருக்கு இது எவ்வளவு கசப்பாய் இருந்திருக்கும்! அவர் வலியை மறைத்து வேடமிடவில்லை. ஆயினும் அதைக் கோபத்தின் தண்டனையாக அல்ல, அன்புள்ள தகப்பனின் சிட்சையாகவே ஏற்றார். சுகமாயிருப்போர் நோயாளருக்கென எழுதும் ஆறுதல் பிரசுரங்கள் அவருக்கு உதவவில்லை. (படுக்கையில் கிடந்தவர்களுக்கு இது விளங்கும்.) ஆகவே நோயாளியாயிருந்தே நோயாளருக்கு எழுதினார். பல நூல்கள் அக்கட்டிலில் பிறந்தன.

1951 ஜனவரி 18இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாமென்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான நீர்த்தொட்டியொன்றை வைத்து, தாயை அழைக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் அதில் பொறித்தனர்.