திண்டிவனத்துக்கு வாங்கிய டிக்கெட்

1896-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி பகலில், மதுரை ரயில்வே ஸ்டேஷனில் 16 வயது மாணவர் ஒருவர் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினார். விலை 2 ரூபாய் 13 அணா. கையில் கொண்டுவந்தது 3 ரூபாய். மீதி 3 அணா. திண்டிவனத்தில் அவருக்குத் தெரிந்தவர் யாருமில்லை, அங்கே வேலையும் இல்லை. போகவேண்டிய ஊர் திருவண்ணாமலை. வீட்டிலிருந்த பழைய தேசப்படம் ஒன்றில் அவ்வூருக்குச் சமீபமான ஸ்டேஷனாகத் திண்டிவனமே காணப்பட்டது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை போட்டாகிவிட்டதென்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. ஆகவே அவருக்கும் தெரியாது. வேங்கடராமன் என்ற அந்த மாணவரையே பிற்காலத்தில் உலகம் ஸ்ரீ ரமண மகரிஷி என்று அறிந்தது.

மகரிஷிகளின் சரித்திரம் நமது நேயர்களுக்குப் புதிதன்று. அதை மீண்டும் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் மதுரையில் ஒரு வழக்கை முடித்துக்கொண்டு பகல் வண்டியில் விழுப்புரம் வரை பிரயாணம் செய்தோம். சுற்றியிருந்த ஒவ்வொருவர் கையிலும் கைபேசி, நம் கையிலும்தான். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்க்கிறோம் என்று எண்ணத் தொடங்கி, திருச்சி வருவதற்குள் நாற்பதைத் தாண்டியதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டோம். அந்த நாற்பதில் உருப்படியாக இருந்தது ஒரு கட்சிக்காரரின் வாய்தாத் தேதி. அதுவும் முன்பே தெரிந்ததே. பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நண்பர்கள் இந்தக் குறையை இன்னும் கடுமையாகச் சொல்லுகிறார்கள். விடிந்தவுடன் வாட்ஸப்பில் ஒரு கோபம், பத்து மணிக்கு யூடியூபில் இன்னொன்று, மாலைக்குள் மனம் சல்லடையாகிவிடுகிறது. தூக்கி எறியலாமென்றால் வேலையெல்லாம் அதன் வழியாகவே நடக்கிறது. எல்லாவற்றையும் உதறிவிட்டு ஒரு மலையடிவாரத்துக்குப் போனாலன்றி இனி அமைதியில்லை என்று அவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் மகரிஷிகள். உதாரணம் பொருந்துமா என்று சற்று விசாரிப்போம்.

1879-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தவர் அவர். தகப்பனார் சுந்தரமய்யர் சன்னது பெறாமலே வக்கீல் தொழில் நடத்தி நல்ல பெயரெடுத்தவர். (இன்று அப்படிச் செய்தால் பார் கௌன்ஸில் சும்மா விடாது.) 1892-ல் அவர் காலமாகவே, வேங்கடராமனும் தமையனார் நாகசாமியும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்தார்கள். முதலில் ஸ்காட் மிடில் ஸ்கூல், பிறகு அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல். படிப்பில் அவருக்கு ஊக்கமில்லை, விளையாட்டில் உண்டு. 1895 நவம்பரில் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னபோது, அது பூமியில் ஜனங்கள் போய்வரக்கூடிய ஓர் ஊர் என்பதே அவருக்கு ஆச்சரியமாயிருந்தது. பிறகு பெரிய புராணம் கைக்குக் கிடைத்தது. அதற்குமேல் வேதாந்த நூல் எதையும் அவர் அதுவரை கண்டதில்லை.

1896 ஜூலை மத்தியில், சொக்கப்ப நாயக்கன் தெருவிலுள்ள அந்த வீட்டின் மாடியறையில் தனியே உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு நோயுமில்லை. திடீரென்று மரண பயம் வந்தது. வைத்தியரையோ பெரியோரையோ கூப்பிடத் தோன்றவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போல் படுத்து, மூச்சையடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டார். இவ்வுடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அத்துடன் தானும் தீர்ந்துபோவதுண்டா என்று உள்ளே பார்த்தார். தீர்ந்துபோகாத ஒன்று அங்கே தெளிவாகத் தெரிந்தது. பயம் போய்விட்டது. அன்று பிடித்த அந்த நிலை பிறகு தம்மை விட்டு நீங்கவேயில்லையென்பதைப் பிற்காலத்தில் பலரிடம் அவரே தெரிவித்திருக்கிறார்.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்கவேண்டும். மலையையே அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை; குகை இல்லை, குரு இல்லை. மதுரை நகரத்தின் நடுவில், கோயிலைச் சுற்றிய தெருக்களின் இரைச்சலுக்குள், கூட்டுக்குடும்பம் ஒன்றின் மாடியில் இது நடந்தது. அதன்பிறகு ஏறக்குறைய ஆறு வாரம் அதே வீட்டில் சாப்பிட்டு, அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். மாலையில் மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்துமூவர் முன் நின்று கண்ணீர் விடுவார். வீட்டில் யார் என்ன வேலை சொன்னாலும் முணுமுணுக்காமல் செய்தார். புஸ்தகம் திறந்தபடி இருக்கும். மனம் அதில் இராது. வாத்தியார்களும் தமையனாரும் கடிந்துகொண்டார்கள்.

ஆகஸ்டு 29-ந் தேதி, பெயின் துரை எழுதிய இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி தண்டனை. இரண்டு முறை எழுதினார். மூன்றாவதில் நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடினார். இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தமையனார் இடித்துரைத்தார். நியாயமான கேள்வியென்று தம்பிக்குப் பட்டது. பள்ளிக்கூடத்தில் மின்சாரம் பற்றிய விசேஷ வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தார். (மின்சாரத்தைச் சாக்காக வைத்து அவர் தப்பிப்போனார், நாம் மின்சாரத்திடம் அகப்பட்டுக்கொண்டு நிற்கிறோம்!) அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துப்போய்த் தமது காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடும்படி தமையனார் சொன்னார். 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 2 ரூபாயுடன் ஒரு கடிதமும் வைத்தார். தன்மையில் தொடங்கிய அக்கடிதம் அஃறிணையில் முடிந்தது; கையெழுத்திடவேண்டிய இடத்தில் வெறும் கோடு. பிள்ளை பொய் சொன்னதையும் தாயாரிடம் விடைபெறாமல் போனதையும் நாம் மறைக்கப்போவதில்லை. அழகம்மாள் பட்ட துயரம் சிறிதன்று.

அக்காலத்தில் வண்டி தஞ்சாவூர், மாயவரம், கடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். பெட்டியில் வெள்ளைத் தாடியுடன் மௌல்வி ஒருவர் மகான்களின் கதைகளைச் சக பிரயாணிகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாரும் பேசினார்கள், வேங்கடராமன் பேசவில்லை. மௌல்வி தாமே விசாரித்து, திருவண்ணாமலைக்குப் போகிறவர் திண்டிவனத்துக்கு ஏன் டிக்கெட் வாங்கினார் என்று வியந்து, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டுமென்று சொல்லிக்கொடுத்தார். தேவையான செய்தி அவ்வளவுதான், அது கிடைத்தது, மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார். விழித்தபோது மௌல்வியைக் காணவில்லை. பக்தர்கள் இதை அற்புதமென்பார்கள். நாம் வக்கீல்; அவர் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கியிருப்பாரென்றே எண்ணுகிறோம். திருச்சியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினார். ஒரு கடிக்குமேல் இறங்கவில்லை. முந்திய நாள்வரை நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை.

விடியற்காலம் மூன்று மணிக்கு விழுப்புரம். அப்பொழுதே அது பெரிய ஜங்ஷன். விடியும்வரை காத்திருந்து, திருவண்ணாமலைக்கு வழி தேடித் தெருத்தெருவாக நடந்தார். கைகாட்டி மரமொன்றில் மாம்பழப்பட்டு என்றிருந்தது. அது எத்திசையில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் வழியில் யாரையும் நிறுத்திக் கேட்கவுமில்லை. பசி தாங்காமல் ஒரு ஹோட்டலுக்குப் போனார். பகலில்தான் சாப்பாடு என்றார்கள். சரியென்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாலைந்து மணி நேரந்தான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. கையில் இரண்டரை அணா, தெரியாத ஊர், வீட்டில் தேடத் தொடங்கியிருப்பார்கள், அடுத்த வேளை எங்கே என்ற நிச்சயமில்லை. அப்படிப்பட்டவர் ஒரு ஹோட்டல் திண்ணையில் ஒன்றும் செய்யாமல், எதையும் புரட்டாமல், பரபரப்பின்றி உட்கார்ந்திருந்தார். இன்று அதே ஊரில் ஒரு காப்பி வருவதற்குள் கைபேசியை எடுக்காதவர் எத்தனை பேர்? சாப்பிட்ட பின் இரண்டணாவை நீட்டினார். கன்னங்கரேலென்ற குடுமியும் காதில் தங்கக் கடுக்கனுமாக வந்திருந்த பையனைக் கவனித்திருந்த ஹோட்டல்காரர், மொத்தம் எவ்வளவு இருக்கிறதென்று கேட்டார். இரண்டரை அணா என்றறிந்ததும் வாங்க மறுத்துவிட்டார். அவர் பெயரைச் சரித்திரம் குறித்துவைக்கவில்லை.

கையிலிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து பத்து மைல் நடந்து, மாலையில் அறையணிநல்லூர்க் கோயிலை அடைந்தார். பெண்ணையாற்றங்கரைப் பாறைமேல் இருக்கும் அக்கோயில் மண்டபத்தில் அவருக்கு ஒரு ஜோதி தென்பட்டது. குருக்கள் கதவைப் பூட்டவேண்டுமென்று எழுப்பி வெளியே அனுப்பினார். கீழூர்க் கோயிலிலும் பிரசாதம் மறுக்கப்பட்டது. கோயில் மேளக்காரர் தம் பங்கைக் கொடுக்கச் செய்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறார அன்னமிட்டார்கள். கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் பெற்றார். விலாசம் எழுதிய சீட்டை வெளியே வந்ததும் கிழித்தெறிந்தார். செப்டம்பர் 1-ந் தேதி காலை திருக்கோயிலூரிலிருந்து ரயிலில் திருவண்ணாமலை சேர்ந்தார்.

அங்கே நடந்தவற்றை விரிக்க இடமில்லை. ஆயிரக்கால் மண்டபத்தில் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். பாதாளலிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்தன. சேஷாத்ரி சுவாமிகள் காவல் புரிந்தார். 1898-ல் தாயார் தேடிவந்து அழுதார். மௌனம் கலையாமல் காகிதத்தில் பதிலெழுதிக் கொடுத்தார். 1899 முதல் 1916 வரை விரூபாக்ஷ குகை. 1907-ல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரிகள் அவரை ரமண மகரிஷி என்று பெயரிட்டழைத்தார். 1916-ல் தாயார் மகனுடனேயே வந்து தங்கினார். 1922-ல் மகன் கையிலேயே உயிர் நீத்தார். அவர் சமாதியைச் சுற்றி ஆசிரமம் எழுந்தது.

வீட்டை விட்டுப் போனவர்தாமே, பின் எப்படி அவர் இல்லறத்தாருக்கு உதாரணமாவார் என்று கேட்கலாம். கேள்வி வலுவானது. ஆனால் அவர் தம்மைப்போல் எவரையும் வரச்சொன்னதில்லை. உத்தியோகத்தை ராஜிநாமா செய்து வருகிறேன் என்றவர்களைத் தடுத்தார்; வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வருமென்பதே அவர் சொன்னதன் சாரம். எண்ணங்கள் எழும்போது அவற்றுடன் சண்டையிடாமல், அவை யாருக்கு எழுகின்றன என்று மூலத்தைத் தேடும்படி கற்பித்தார். அவருடைய ஹாலில் நாள் முழுவதும் ஜனங்கள். குழந்தைகளின் கூச்சல், அணில்கள், குரங்குகள், லக்ஷ்மி என்ற பசு. விடியுமுன் சமையலறையில் காய்கறி நறுக்குவார். இலை தைப்பார், புஸ்தகம் கட்டுவார், வந்த கடிதங்களைப் படிப்பார். தினசரிப் பத்திரிகைகளையும் பார்ப்பார். ரேடியோவும் அங்கே ஒலித்தது. பத்திரிகையை மடித்து வைத்தால், மடித்து வைத்ததுதான். அது அவரைத் தொடர்ந்து வராது. நமக்குச் சாத்தியமாகாதது அந்த மடித்துவைத்தலே.

1938 ஆகஸ்டில் பாபு ராஜேந்திர பிரஸாதும் ஸேட் ஜம்னாலால் பஜாஜும் ஆசிரமத்தில் சில தினங்கள் தங்கினார்கள். சுயராஜ்ய ஆசை சரிதானா என்று ஸேட்ஜி கேட்டார். மகரிஷிகள் அதைத் தவறென்று ஒதுக்கவில்லை. அந்த ஆசை சுயநலத்தில் தொடங்கினாலும், இடைவிடாத உழைப்பால் பார்வை விரிந்து தனிமனிதன் தேசத்தில் கரைந்துபோவானென்றும், அப்படிக் கரைவது நல்லதென்றும் விடை சொன்னார். சிறைகளைக் கண்டு வந்த அவ்விருவரையும் வேலையை விடச் சொல்லவில்லை. அவர்கள் வார்தாவுக்கும் பீகாருக்கும் வேலைக்கே திரும்பினார்கள். இன்று கைபேசியை வைத்துக்கொண்டு கட்சி வேலை செய்கிறவர்களுக்கு அவர் வேறு எதைச் சொல்லியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

1950-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு மகரிஷிகள் தேகத்தை விட்டார்கள். திருவண்ணாமலையில் வந்திறங்கிய நாள்முதல் 54 வருஷ காலம் அவர்கள் அவ்வூரைவிட்டு வெளியே போனதில்லை, ரயில் ஏறியதுமில்லை. மதுரையில் வாங்கிய அந்த டிக்கெட்டில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரையிலான பாகம் உபயோகப்படாமலே போயிற்று.