தூக்கு மரத்தில் பாடம் படித்த டாக்டர்

ஊருக்கு வெளியே தூக்கு மரங்கள் நிற்கும் பொட்டல். நன்றாக இருட்டிவிட்டது. நகரத்தின் கோட்டைக் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு வாலிபன் தன்னந்தனியாகக் கம்பத்தில் ஏறுகிறான். சங்கிலியில் தொங்கும் பிணத்தின் நெஞ்சுக்கூட்டைக் கழற்றி எடுக்கிறான்!

அவன் திருடன் அல்ல; மந்திரவாதியும் அல்ல. மருத்துவ மாணவன். பெயர் ஆந்திரேயாஸ் வெசாலியஸ். இடம், இப்போது பெல்ஜியம் நாட்டில் இருக்கும் லூவேன் நகரம். ஆண்டு 1536.

வெசாலியஸ் 1514 டிசம்பர் 31-ந் தேதி பிரஸ்ஸெல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை, ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்திக்கு மருந்து தயாரித்துக் கொடுப்பவர். முன்னோர்கள் வைத்தியர்கள். 18 வயதில் பாரிசுக்குப் படிக்கப் போனார்.

அந்தக் காலத்தில் பாடம் நடந்த விதமே விசித்திரம். ஆசிரியர் உயரமான ஆசனத்தில் அமர்ந்து புத்தகத்தைப் படிப்பார். கீழே ஒரு நாவிதர் பிணத்தை அறுப்பார். ஆசிரியர் கத்தியைத் தொடமாட்டார். நாவிதருக்குப் புத்தகம் தெரியாது. அந்தப் புத்தகம், 1300 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலன் எழுதியது. அவர் எழுதியதே வேதவாக்கு.

வெசாலியசுக்கு இது போதவில்லை. பாரிசின் பழைய இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளே அவருக்குப் பள்ளிக்கூடம். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் கொடுக்கும் எலும்பைத் தடவிப் பார்த்தே இன்ன எலும்பு என்று சொல்லிவிடுவார். நண்பர்களிடம் பந்தயமும் கட்டுவார்.

யுத்தம் வந்ததால் லூவேனுக்குத் திரும்பினார். அங்கேதான் அந்தப் பிணத்தைக் கண்டார். பறவைகள் சதையைக் கொத்தித் தின்றுவிட்டன; எலும்புகள் தசைநாரில் கோத்தபடி தொங்கின. கை, கால்களைச் சிறிது சிறிதாக ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நெஞ்சுப்பகுதி மட்டும் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. அதற்குத்தான் அந்த இரவு வேலை! எல்லாவற்றையும் கோத்து நிறுத்தி, பாரிசிலிருந்து கொண்டுவந்தேன் என்று ஊராரிடம் ஒரு பொய்யையும் சொல்லி வைத்தார்.

1537 டிசம்பரில் இத்தாலியின் பதுவா நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். மறுநாளே அங்கே பேராசிரியர்! வயது இன்னும் 23 நிரம்பவில்லை. ஆசனத்தை விட்டு இறங்கி, கத்தியைத் தானே எடுத்தார். நகர நீதிபதி ஒருவர் தூக்கிலிட்ட கைதிகளின் உடல்களை அவருக்குக் கொடுத்து உதவினார்.

1540-ல் பொலோன்யா நகரில் மனித எலும்புக்கூட்டையும் குரங்கு எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். குரங்கின் முதுகெலும்பில் ஒரு சிறு முளை இருந்தது. மனிதனுக்கு அது இல்லை. கேலன் எழுதியிருந்ததோ அந்த முளையைப் பற்றி! விஷயம் புரிந்துவிட்டது. கேலன் அறுத்துப் பார்த்தது குரங்கையும் மற்ற மிருகங்களையும்தான். மனிதனை அல்ல.

அப்புறம் தவறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார் கேலன். ஒன்றே என்று காட்டினார் வெசாலியஸ். நெஞ்சு நடுவில் உள்ள எலும்புக்கு ஏழு பாகம் என்றார் கேலன், மூன்றுதான். ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாள் பிறந்ததால் ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று ஜனங்கள் நம்பி வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 ஜோடிதான்! எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றாததுதான் ஆச்சரியம்.

நம் முதுகெலும்பையே பாருங்கள். கழுத்தில் 7 கண்ணிகள், நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்கும் கீழே உள்ளவை ஒட்டிப்போனவை. விலா எலும்புகள் வந்து சேர்வது அந்தப் பன்னிரண்டில். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவரும், மூட்டை தூக்குகிறவரும் மாலையில் கையை வைத்துப் பிடித்துக்கொள்வது அந்த ஐந்தில்.

1543-ல் பாசெல் நகரில் அவருடைய பெரிய புத்தகம் அச்சாகி வெளிவந்தது. முதல் பாகம் முழுவதும் எலும்புகள். படங்களைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஒரு எலும்புக்கூடு மண்வெட்டியோடு நிற்கிறது. இன்னொன்று சமாதி மேல் முழங்கையை ஊன்றி, ஒரு மண்டை ஓட்டின் மேல் கையை வைத்து யோசிக்கிறது! அந்த மரக்கட்டை அச்சுகள் 400 ஆண்டுகள் பத்திரமாக இருந்து, 1944-ல் முனிச் நகரில் குண்டுவீச்சில் அழிந்தன. பாசெலில் அவர் அறுத்துக் கோத்த ஒரு குற்றவாளியின் எலும்புக்கூடு மட்டும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

பாராட்டு கிடைத்ததா? பாரிசில் பாடம் சொல்லிக் கொடுத்த சில்வியஸ் என்ற ஆசிரியரே சீறினார். கேலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டது என்று வாதாடினார்! வெசாலியஸ் மனம் கசந்தார். தம்முடைய குறிப்புகளை நெருப்பில் போட்டுவிட்டு, சக்கரவர்த்தியின் அரண்மனை வைத்தியராகப் போய்விட்டார். அவர் செய்ததிலேயே பெரிய தவறு இது என்றுதான் எனக்குப் படுகிறது.

1559-ல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றிக்குக் குதிரைப் போட்டியில் ஈட்டிச் சிம்பு தலையில் பாய்ந்தது. வெசாலியசை அவசரமாக வரவழைத்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. இறந்தபின் திறந்து பார்த்தால் மண்டை ஓட்டில் விரிசலே இல்லை. உள்ளே மூளைதான் சேதமாகியிருந்தது.

1564-ல் ஜெருசலேமுக்கு யாத்திரை போனார். திரும்பும் வழியில் கிரேக்கத்தின் சாந்தே தீவில் அக்டோபர் மாதம் இறந்தார். வயது 49. தீவில் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை.